ஒரே தோல், மூன்று துண்டுகள்: ஒரு தோல் லிம்ஃபோமா நிகழ்வு ஆய்வு

நோயாளி 61 வயது ஆண். சிங்கப்பூர்த் தமிழர். 30 ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டியவர். பின்தொடையிலும் பிட்டத்திலும் இடுப்பைச் சுற்றியும் வெளிறிய திட்டுகள் தோன்றி 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடது விலாப்புறத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பிய பிறகுதான் அவருடைய திசு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. நோயின் பெயர் அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது: மைகோசிஸ் ஃபங்காய்டஸ், தோலில் தொடங்கும் டி-செல் லிம்ஃபோமா. டி-செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, அது புற்றாவதுதான் இந்த நோய். எங்களிடம் வந்த கேள்வி வேறு. ஒரே மனிதரின் தோலில் ஒரே நோய் தொடையில் தட்டையான திட்டாகவே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது, விலாவில் கட்டியாகிறது. இந்த இரண்டு இடங்களிலும் புற்று செல்களைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள்?

நான் மருத்துவர் இல்லை. தோல் திசுவிலிருந்து செல்களைப் பிரித்து அவற்றின் ஆர்என்ஏவை, அதாவது இயங்கும் மரபணுக்களின் நகல்களை, படிப்பது என் வேலை. அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம் அவருடைய மனைவி. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வரிக்கு வரி தடுமாற்றம். கடைசியில் ஆன்ட்டி கேட்டார்: "இதையெல்லாம் தமிழ்ல எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா மா?" எனக்குக் காட்ட எதுவும் இல்லை.

நோயின் போக்கு

முதலில் வந்த வெளிறிய திட்டுகளைப் பார்த்தவர்கள் எல்லாம் தேமல் என்றார்கள். பூஞ்சைக்கான களிம்பு போட்டார், போகவில்லை. ஒரு மருத்துவர் பஞ்சால் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தொழுநோயாக இருக்குமோ என்ற ஐயம். உணர்ச்சி சரியாகவே இருந்தது. அப்புறம் வெண்புள்ளி என்ற பேச்சு வந்தது. வீட்டில் அது உண்டாக்கிய கலக்கத்தை ஆன்ட்டி இன்றைக்கும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு எக்சிமா என்று ஸ்டீராய்டு களிம்பு. பூசினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும்.

முதல் பயாப்சியில் "பொதுவான அழற்சி" என்று வந்தது. அந்தத் துண்டை எடுத்த வாரம் வரை அவர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார். களிம்பு லிம்ஃபோசைட்டுகளை (டி-செல்களும் அடங்கிய வெள்ளணு வகை) கலைத்துவிடும், பார்க்க வேண்டியது நுண்ணோக்கியில் தெரியாமல் போகும். 6ஆம் ஆண்டில் வேறொரு தோல் மருத்துவர் களிம்பை 4 வாரம் நிறுத்தச் சொல்லி, இரண்டு இடங்களிலிருந்து துண்டு எடுத்தார். மேல்தோலின் அடியடுக்கில் லிம்ஃபோசைட்டுகள் மணி கோத்தாற்போல வரிசையாக நின்றன. சில இடங்களில் மேல்தோலுக்குள்ளேயே கூடு கட்டியிருந்தன. போத்ரியே நுண்சீழ்க்கட்டி என்று இதற்குப் பெயர், ஆனால் சீழ் எதுவும் கிடையாது. சாதாரண டி-செல்லில் இருக்க வேண்டிய சிடி7 புரதம் அந்த செல்களில் குறைந்திருந்தது. இரண்டு துண்டுகளிலும் ஒரே டி-செல் குலம், அதாவது ஒரே செல்லின் வாரிசுகள், பெருகியிருப்பதை மரபணுச் சோதனை காட்டியது. அதோடு நோய் உறுதியானது.

நோயின் பெயரே ஒரு பழைய தவறு. 1806இல் பாரிஸில் அலிபேர் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளில் ஒருவரை விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான் போலத் தெரிந்ததால் பூஞ்சையைக் குறிக்கும் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1870இல் பாசான் இதைத் திட்டு, தடிப்பு, கட்டி என்று மூன்று படிகளாக வகுத்தார். எங்கள் மூன்று துண்டுகளும் அந்த மூன்று படிகளிலிருந்து வந்தவைதான்.

9 ஆண்டு, 6 ஆண்டு என்று கேட்கும்போது எங்கோ யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தொடக்கநிலை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், முதல் திட்டு தோன்றி நோய் உறுதியாவதற்கு ஆன கால இடைவெளியின் இடைநிலை அளவே 36 மாதங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னும் கடினம். பாடநூல் படத்தில் இருக்கும் செந்நிறத் திட்டு நம் தோலில் சிவப்பாகத் தெரியாது. பல நேரம் வெளிறிய திட்டாகவே வரும். நிறமிழந்த மைகோசிஸ் ஃபங்காய்டஸ் என்ற இந்த வகை, நிறம் அதிகமுள்ள தோல்களிலும் இளவயதினரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. சிங்கப்பூரில் இது புதிய செய்தியும் இல்லை. தேசியத் தோல் மையத்தில் 5 ஆண்டுகளில் பார்க்கப்பட்ட 131 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2006லேயே வெளிவந்துவிட்டது. வெளிறிய வகை பெரும்பாலும் சாதுவானது, ஒளிச் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். இவருக்குக் கட்டி வரை போனது வழக்கத்துக்கு மாறானது. இந்த நிகழ்வை எழுதத் தகுந்ததாக்குவது அதுதான்.

3 ஆண்டுகள் 311 நானோமீட்டர் குறுகிய பட்டை புற ஊதா ஒளிச் சிகிச்சை நடந்தது, வாரத்துக்கு மூன்று முறையில் தொடங்கி. திட்டுகள் பாதிக்கு மேல் நிறம் திரும்பின. தொடையில் இரண்டு மட்டும் அப்படியே நின்றன, இடுப்பில் ஒன்று தடித்தது. கடைசியாக விலாவில் கட்டி. 1 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி வந்துவிட்டால் நோய் 2பி நிலைக்கு, அதாவது முற்றிய நிலைகளில் முதலாவதற்கு, போய்விடுகிறது.

"எனக்கு என்ன மா பலன்?"

படிவத்தை விளக்கி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி இது. இந்தச் சோதனையின் முடிவை வைத்து உங்கள் சிகிச்சை மாறாது, அங்கிள், என்று சொன்னேன். உடம்பில் நாலு இடத்தில் 4 மி.மீ. அளவுக்குத் துளை போடுவார்கள், தையல் விழும், தழும்பு இருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "ஆறு வருசம் இது என்னன்னே தெரியாம சுத்தினேன். இனிமே வர்றவனுக்காவது சீக்கிரம் தெரியட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். ஆய்வுக்குத் திசு தருகிறவர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். எதிரே இருக்கிறவர் தன் தோலை நம்மிடம் ஒப்படைக்கிறார்.

தொடைத் திட்டு, இடுப்புத் தடிப்பு, விலாக் கட்டி, இவற்றோடு நோயில்லாத இடத்துத் தோல் ஒன்று. ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதியை செல் செல்லாகப் பிரிப்பதற்கு வைத்தோம், மறுபாதியைப் பிரிக்காமல் அப்படியே உறைய வைத்தோம்.

செல்களைப் பிரித்தல்

தோல் லேசில் பிரியாது. கொலாஜன் நார்கள் கயிற்றுக் கட்டில் மாதிரி இறுக்கமாகப் பின்னியிருக்கும். அவற்றை நொதி ஊற்றிக் கரைத்து செல்களை விடுவிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஊற வைத்தால் செல்கள் வெளியே வராது, அதிக நேரம் வைத்தால் செத்துப்போகும். தொடைத் திட்டின் முதல் துண்டை இரவு முழுதும் 37 டிகிரியில் விட்டுவிட்டேன். கட்டிக்குச் சரியாக இருந்த நேரம் அந்த மெல்லிய துண்டுக்கு மிக அதிகம். காலையில் நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்த செல்தான் நீலமாகும். உயிரோடிருந்தவையும் மிரண்டு போயிருந்தன, அதிர்ச்சி வந்தால் செல் இயக்கும் மரபணுக்கள் எல்லாம் உச்சத்தில் இருந்தன. அந்தத் தரவைப் பயன்படுத்தியிருந்தால் நோயைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு என் நொதியைப் பற்றி எழுதியிருப்போம். ஒதுக்கிவிட்டோம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வந்தபோது அதே திட்டிலிருந்து இன்னொரு துண்டு தர முடியுமா என்று அவரிடம் கேட்கும் பொறுப்பும் என்னுடையதே. அவர் தந்தார். இந்த முறை நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்.

பிரிந்த செல்களை நுண்குழாய்ச் சில்லில் விட்டால், எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய் உட்காரும். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு கூழ்மணி. அந்த மணியின் மேல் லட்சக்கணக்கான சிறு டிஎன்ஏ இழைகள், எல்லாவற்றிலும் அந்த மணிக்கே உரிய ஒரு குறியீடு. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் ஆர்என்ஏ எல்லாம் அந்தக் குறியீட்டைத் தாங்கிக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து படித்தாலும் எந்த ஆர்என்ஏ எந்தச் செல்லுடையது என்று பிரித்துவிடலாம். ஒரு செல்லில் இருக்கும் மொத்த ஆர்என்ஏவே 10 முதல் 30 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பிகோகிராம். அவ்வளவு சிறிய பொருளிலிருந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நடமாட்டத்தைப் படிக்க முடிகிறது. இத்தனை ஆண்டு இந்த வேலையில் இருந்தும் இது எனக்குப் பழகிப்போகவில்லை.

டி-செல் லிம்ஃபோமாவில் இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு டி-செல்லும் உருவாகும்போதே, எதிரியை அடையாளம் காணத் தனக்கென ஓர் ஏற்பியை உருவாக்கிக்கொள்கிறது. அதன் வரிசை கைரேகை மாதிரி. ஒரு செல் புற்றாகிப் பெருகினால் அதன் வாரிசுகள் எல்லாம் அதே கைரேகையோடு வரும். நல்ல டி-செல்லும் கெட்ட டி-செல்லும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இந்த நோயில், கூட்டத்துக்குள் புற்று செல்லைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. குரோமோசோம் துண்டுகள் கூடியும் குறைந்தும் இருப்பதை ஆர்என்ஏ அளவிலிருந்து ஊகித்து, இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொண்டோம்.

இவரிடம் கிடைத்தது இது: திட்டு, தடிப்பு, கட்டி மூன்றிலும் ஒரே கைரேகை. சிடி4 வகை (மற்ற செல்களுக்கு உதவும் வகை) டி-செல் குலம் ஒன்று. (வெளிறிய வகையில் புற்று செல்லே சிடி8, அதாவது கொல்லும் வகை டி-செல், ஆக இருப்பது அடிக்கடி நடக்கும். இவருக்கு அப்படி இல்லை.) கட்டியில் டி-செல்களில் பெரும்பான்மை அந்தக் குலம். திட்டில் அது சிறுபான்மை, மற்றவை பெரும்பாலும் வேறு வேறு கைரேகை கொண்ட சிடி8 செல்கள். அவை அழற்சிக்கு ஓடிவந்தவை, கொல்லும் திறனுள்ள செல்கள். அவற்றின் தாக்குதலில் மெலனின் செய்யும் செல்களும் அடிபடுவதால்தான் திட்டு வெளிறுகிறது என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் ஆன்ட்டி பயந்த அந்த வெளிறிய நிறம், உடம்பு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

சரி, குலம் ஒன்று என்று தெரிந்தது. சுற்றியிருப்பவர்களின் பட்டியலும் வந்தது. முகவரி வரவில்லை.

ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் எல்லாரையும் கீழே வெற்றுத்தளத்துக்கு வரச்சொல்லிக் கணக்கெடுத்தால் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். எட்டாவது மாடியில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார், எந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும், யார் யாரோடு பேசுவதில்லை என்பது தெரியாது. கட்டியில் 100 சிடி8 செல்கள் இருக்கின்றன என்பதால் மட்டும் என்ன புரியும்? அவை புற்று செல்லை ஒட்டி நிற்கின்றனவா, அரை மில்லிமீட்டர் தள்ளி நார்ச்சுவருக்கு வெளியே நிற்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோலைப் பிரித்த அந்த நொடியில் இந்தத் தகவலை நானே அழித்துவிட்டேன்.

வரைபடம்

உறைய வைத்த பாதியிலிருந்து 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவல்கள் எடுத்து, புள்ளிகள் பதித்த கண்ணாடித் தட்டில் ஒட்டினோம். 6.5 மி.மீ. சதுரத்தில் ஏறத்தாழ 5,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் 55 மைக்ரோமீட்டர் அகலம், ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 100 மைக்ரோமீட்டர். இங்கே குறியீடு செல்லுக்கு இல்லை, இடத்துக்கு. சீவலிலிருந்து கசியும் ஆர்என்ஏ நேர் கீழே இருக்கும் புள்ளியின் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். மேல்தோல் எது, மயிர்க்கால் எது, கட்டியின் அடிப்பகுதி எது என்று திசுப் படத்தின் மேல் வைத்தே பார்க்கலாம்.

கட்டிக்கு இது போதும். திட்டுக்குப் போதவில்லை. திட்டின் மேல்தோலே ஒரு புள்ளியின் அகலம்தான் இருக்கும். நாலைந்து லிம்ஃபோசைட்டுகள் கூடிய ஒரு போத்ரியே கூடு சுற்றியுள்ள மேல்தோல் செல்களோடு சேர்ந்து ஒரே புள்ளிக்குள் விழுந்துவிடுகிறது. பிரித்த செல்களின் தரவை அகராதியாக வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எந்தெந்தச் செல் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடலாம், போட்டோம். ஆனால் பங்கு தெரிந்தாலும் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அதனால் திட்டையும் கட்டியையும் இரண்டாவது முறைக்கு அனுப்பினோம். இதில் முன்கூட்டியே தேர்ந்த சில நூறு மரபணுக்களுக்கு மட்டும், அந்தந்த ஆர்என்ஏவில் போய் ஒட்டும் ஒளிரும் ஆய்விகளை அனுப்பி, சுற்றுச் சுற்றாகப் படம் எடுத்து, ஒவ்வொரு ஆர்என்ஏ மூலக்கூறும் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்றே குறிக்கலாம். எல்லா மரபணுவும் கிடைக்காது, துல்லியம் கிடைக்கும். பட்டியலில் எந்த மரபணுவைச் சேர்ப்பது என்று மூன்று வாரம் பேசினோம்.

திட்டின் படம் வந்த நாள் எங்கள் எல்லாருக்கும் ஒரே உற்சாகம். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, புற்று செல்களுக்கு மிக அருகில், நாங்கள் கேட்ட எல்லா மரபணுக்களுக்கும் ஒளிர்கிற பெரிய செல்கள் வரிசையாக நின்றன. விசித்திரமான மேக்ரோஃபேஜ் (கழிவையும் கிருமியையும் விழுங்கும் செல்) வகை என்று குறித்து, அதற்கு ஒரு தற்காலிகப் பெயர்கூட வைத்துவிட்டோம். நோய்க்கூறியல் நிபுணர் பக்கத்துச் சீவலின் சாதாரண ஊதா, இளஞ்சிவப்புச் சாயப் படத்தைத் திறந்து பத்து விநாடி பார்த்தார். "பழுப்பா இருக்கு பாருங்க. மெலனின்." அழற்சியில் சிந்திய நிறமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் அவை. மெலனின் தானாகவே எங்கள் ஒளியில் குழப்பம் செய்கிறது, எங்கள் கருவி அதை மரபணுவாக எண்ணிவிட்டது. மேக்ரோஃபேஜ்கள் அங்கே இருந்தது உண்மை, நாங்கள் சொன்ன குணம் பொய். அந்தச் செல்களை எல்லா நிறத் தடங்களிலும் ஒளிர்கிறவை என்று வடிகட்டி மறுபடி கணக்கிட்டோம்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெலனின் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்த படியில் நொதிகளின் வேலையையும் கெடுக்கும். வெளிர்நிறத் தோலில் உருவாக்கிச் சரிபார்த்த செய்முறையை நம் தோலில் அப்படியே வைத்தால் இப்படிப்பட்ட பிழைகள் அமைதியாக உள்ளே வரும். ஒப்பிட வைத்துக்கொள்ளும் "சாதாரணத் தோல்" தரவும் யாருடைய தோலிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் இந்தக் குறையைச் சரிசெய்ய இங்கிருந்தே ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆசிய நோயெதிர்ப்புப் பன்மை அட்லஸ் என்ற திட்டத்தில் 5 ஆசிய நாடுகளைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்டவர்களின் ரத்தச் செல்கள், 10 லட்சத்துக்கு மேல், ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. அதில் சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் இருக்கிறார்கள். தோலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கம்பக்கம்

செல்களை வகைப்படுத்தும்போது வழக்கமாக அதனதன் மரபணுக்களை மட்டும் பார்ப்போம். சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தில் ஷியாம் பிரபாகரின் குழு உருவாக்கி, 2024இல் வெளியிட்ட பேங்க்ஸி என்ற கணக்குமுறை, செல்லின் மரபணுக்களோடு அதன் அண்டை செல்களின் சராசரியையும் சேர்த்து எடைபோடுகிறது. அண்டைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை நாம் திருகலாம். குறைவாக வைத்தால் செல் வகைகள் பிரியும், கூட்டினால் திசுவின் வட்டாரங்கள் பிரியும். இந்த நிகழ்வுக்கு இதுவே எங்களுக்கு மிகவும் உதவியது.

எடையைக் கூட்டியதும் ஒரே கைரேகை கொண்ட புற்று செல்கள் இரண்டாகப் பிரிந்தன. மேல்தோலுக்குள் புகுந்து அடியடுக்கை ஒட்டி நின்றவை ஒரு வகையாக நடந்துகொண்டன. அங்கே மேல்தோல் செல்கள் டி-செல்களை இழுக்கும் சமிக்ஞைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தன, அருகிலேயே சிடி8 செல்கள். விலாக் கட்டியின் ஆழத்தில் இருந்தவை வேறு மாதிரி: வேகமாகப் பிரிந்து பெருகுகிறவை, ஒவ்வாமையில் நாம் பார்க்கும் இரண்டாம் வகை உதவி டி-செல்லின் குணம் ஓங்கியவை. அந்த வகை செல்கள் வெளியிடும் ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதம் அதிகம். இந்தச் சூழல் ஓங்கினால் கொல்லும் செல்களின் வேலை மந்தமாகும். அந்த ஆழத்துச் செல்களின் அண்டையில் சிடி8 கிட்டத்தட்ட இல்லை. அவற்றைச் சுற்றி நார் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், சிடி163 புரதம் தாங்கிய மேக்ரோஃபேஜ்கள், டி-செல்லுக்கு எதிரியின் துண்டைக் காட்டும் முதிர்ந்த டென்ட்ரைட்டிக் செல்கள். சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டில் நாம் எதிர்பார்க்காத இரண்டாம் வகுப்பு எம்எச்சி மரபணுக்கள், அதாவது டி-செல்லுக்கு எதையோ எடுத்துக் காட்டப் பயன்படும் கருவி, இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தன.

கட்டியின் அடியில் பி-செல்கள், எதிர்ப்புரதம் செய்யும் வெள்ளணுக்கள், குவியல் குவியலாக இருந்தன. செல்களைப் பிரித்த தரவில் பி-செல் மிகச் சிலவே வந்திருந்தன, நாங்கள் கண்டுகொள்ளவே இல்லை. பிரிக்கும்போது அவை தப்பிப்போயிருக்க வேண்டும், அல்லது அந்தக் குவியல் துண்டின் மறுபாதியில் இருந்திருக்க வேண்டும். வரைபடம் இல்லையென்றால் அந்தக் குடும்பமே எங்கள் கணக்கில் வந்திருக்காது.

இது எங்கள் நோயாளி ஒருவரிடம் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை என்பது பெரிய நிம்மதி. மலேசியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரியும் தோல் மருத்துவர் முஸ்லிஃபா ஹனிஃபாவும் கூட்டாளிகளும் 2024இல் வெளியிட்ட தோல் டி-செல் லிம்ஃபோமா அட்லஸ், இரண்டாம் வகை உதவி டி-செல் குணம் கொண்ட புற்று செல்களையும், அவற்றைத் தாங்கும் பி-செல் செறிந்த நுண்சூழலையும் பல நோயாளிகளிடம் காட்டியது. எங்கள் நோயாளி அந்தப் படத்தில் பொருந்துகிறார். கூடுதலாக அவரிடம் இருப்பது, கட்டியாகாமலே நின்றுபோன திட்டின் படம். அதே குலம், அதே உடம்பு, பி-செல் குவியல் இல்லை, சிடி8 பக்கத்தில்.

முகவரி சிகிச்சையில் எப்படிப் பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம். இந்த நோயின் முற்றிய நிலையில் 24 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப் (டி-செல்லை அடக்கும் பிடி-1 என்ற தடையை விலக்கும் மருந்து) கொடுத்துப் பார்த்த ஆய்வில் 9 பேருக்குப் பலன் தெரிந்தது, 38 சதவீதம். யாருக்குப் பலிக்கும் என்று எப்படி முன்பே சொல்வது? ஸ்டான்ஃபோர்டு குழு அந்த நோயாளிகளில் 14 பேரின் திசுவைப் பல புரதங்களுக்குச் சாயமேற்றி வரைபடமாக்கி 2021இல் வெளியிட்டது. செல்களின் எண்ணிக்கை தெளிவான பதில் தரவில்லை. தொலைவு தந்தது. பிடி-1 தாங்கிய சிடி4 செல்கள் புற்று செல்லுக்கு அருகில் நின்றால் மருந்து வேலை செய்தது, சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி-செல்லுக்கு அருகில் நின்றால் வேலை செய்யவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

எங்கள் நிகழ்வு ஒரே ஒருவருடையது. பி-செல்கள் கட்டியை வளர்த்தனவா, கட்டி வளர்ந்ததால் பி-செல்கள் வந்தனவா என்பதற்கு ஒரு கட்டத்தில் மட்டும் எடுத்த துண்டுகள் பதில் சொல்லாது. 3 ஆண்டு ஒளிச் சிகிச்சை பெற்ற தோல் இது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். புற ஊதா ஒளி டி-செல்களைக் கொல்லும், ஆனால் ஆழமாகப் போகாது. திட்டில் புற்று செல் குறைவாக இருந்ததில் ஒளியின் பங்கும் இருக்கலாம்.

சிகிச்சையை மருத்துவக் குழு வழக்கமான முறையிலேயே முடிவு செய்தது. கட்டிக்கு 8 கிரே கதிர்வீச்சு, இரண்டு தவணையில். ஒரு மாதத்தில் தட்டையாகிவிட்டது. ஒளிச் சிகிச்சை தொடர்கிறது.

போன மாதம் மருத்துவரின் அனுமதியோடு இரண்டு வரைபடங்களையும் பெரிய தாளில் அச்செடுத்து அவரிடம் காட்டினேன். புற்று செல் ஊதா, சிடி8 பச்சை, பி-செல் மஞ்சள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாதை வரைபடம் பார்க்கிற மாதிரி விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். கட்டியின் அடியில் விரல் நின்றது.

"இந்த மஞ்சள் யாரு மா? நல்லவனா, கெட்டவனா?"

"ஊதாவுக்கு உதவி பண்றாங்கன்னுதான் இப்போதைக்குத் தோணுது, அங்கிள்."

மற்றத் தாளை எடுத்தார். தொடைத் திட்டு. கொஞ்ச நேரம் தேடினார். "இங்க மஞ்சளே காணோமே."

"இல்ல, அங்கிள்."

"அப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இங்கேருந்து எடுத்துப் பாருங்க. மஞ்சள் வருதான்னு தெரிஞ்சிக்கலாம்ல?"

எங்கள் ஆய்வுக் குழு கூட்டத்தில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. ஒரே திட்டிலிருந்து திரும்பத் திரும்பத் துண்டு எடுக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். விண்ணப்பத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். நோயாளிக்கான விளக்கத் தாளை இந்த முறை தமிழிலும் இணைத்திருக்கிறேன்.